செக் எஞ்சின் லைட்டை அழித்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள்: கொழும்பில் கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

செக் எஞ்சின் லைட் எரிகிறது, கராஜில் விட்டதும் அணைகிறது, சில நாளில் திரும்பவும் எரிகிறது. உங்கள் காரில் இப்படி நடந்தால், அடுத்த பில்லுக்குக் காசு கட்ட முன்னர் இதை வாசியுங்கள்.

என்னுடையது டொயோட்டா அக்ஸியோ. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் லேசாக நடுங்கும், ஓட்டத்தில் வேறு குறை இல்லை. லைட் எரிந்ததும் காலி வீதிப் பக்கம் ஒரு கராஜில் விட்டேன். முறைப்பாடு போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஸ்கானரைச் செருகிப் பார்த்த பொறுப்பாளர், "தம்பி, ஒட்சிசன் சென்சர் போயிட்டுது. புதுசு போட்டால் சரி" என்றார். என்ன கோட், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் காட்டும் பழுது இலக்கம் என்ன என்று கேட்டேன். "சென்சர் கோட்தான்" என்றாரே தவிர திரையைக் காட்டவில்லை. சென்சருக்கு மட்டும் 38,000 ரூபாய். லைட் அணைந்தது, கொஞ்ச நாளில் திரும்ப வந்தது. அப்புறம் ப்ளக் என்றார்கள், அதற்கு அப்புறம் கொயில். ஒவ்வொரு முறையும் "பாருங்க, இப்ப லைட் இல்லைதானே" என்று சாவியைத் தந்தார்கள். கடைசியில் எஞ்சின் கம்ப்யூட்டரே பழுது, பழைய சாமான் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் ஒன்று எடுத்துப் போடுவோம் என்றார்கள். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லைட் ஏன் சில நாள் எரியாமல் இருந்தது? அவர்கள் பிழைப்பே அதில்தான் நடக்கிறது. ஸ்கானரில் ஒரு பட்டனை அழுத்தினால் கோட் அழியும், லைட் அணையும். பட்டரி வயரைக் கழற்றினாலும் அதேதான். பழுது அங்கேயே இருக்கும். ஆனால் என் காரில் இருந்தது போன்ற பழுதைக் கம்ப்யூட்டர் முதல்முறை கண்டதும் லைட்டைப் போடாது, நினைவில் குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் போடும். அந்த இடைவெளியில் கார் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும், காசு அவர்கள் கைக்குப் போய்விடும். இன்னொன்று: கோட்டை அழிக்கும்போது, பழுது வந்த நேரம் எஞ்சினின் சூடு, சுழற்சி எல்லாம் எவ்வளவு இருந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிகிறது. அடுத்து பார்க்கும் மெக்கானிக்குக்குத் தடயமே இருக்காது.

பிறகு தெமட்டகொடையில் ஒரு பாஸிடம், அதாவது அனுபவமுள்ள மெக்கானிக்கிடம், காட்டினேன். அவர் முதலில் செய்த வேலை, ஸ்கானர் திரையை என் பக்கம் திருப்பியது. பி0171. எஞ்சினுக்குள் காற்று கூட, பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அந்தக் கோட் எந்தச் சாமானையும் குற்றம் சொல்வதில்லை. ஒட்சிசன் சென்சர் புகையில் தான் கண்டதைச் சொல்கிறது, அவ்வளவுதான். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, கம்ப்யூட்டர் எத்தனை வீதம் கூடுதலாகப் பெட்ரோல் விடுகிறது என்று காட்டினார்: 20க்கு மேல். அக்சிலேட்டரை மிதித்து 2,500 சுழற்சியில் வைத்தபோது அது நன்றாக இறங்கியது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் வேகம் கூடக் கூட இந்த எண் ஏறும். இறங்குகிறது என்றால் எங்கோ கள்ளக்காற்று உள்ளே போகிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, எஞ்சினுக்குக் காற்று விடும் த்ரொட்டிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, மடிப்பு மடிப்பாக இருக்கும் இடத்தை இரண்டு கையாலும் வளைத்தார். மேலே பார்த்தால் ஒன்றுமில்லை. வளைத்ததும் மடிப்பின் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு வாய் திறந்தது. காற்றை அளக்கும் சென்சரைத் தாண்டி இந்த வெடிப்பு இருப்பதால், அதன் வழியாகப் போகும் காற்று கணக்கில் வருவதில்லை. 2020இல் இறக்குமதி நின்று 2025 வரை புதுக் கார் வராததால் நாம் ஓட்டுவதில் பல வயதான வண்டிகள். எஞ்சின் சூட்டில் இந்த ரப்பர் காய்ந்து வெடிப்பது சாதாரணம். ஹோஸ் மாற்றக் கூலியோடு 9,000 ரூபாய்கூட ஆகவில்லை.

அடுத்துக் காட்டியதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "தம்பி, புதுச் சென்சர் என்றுதானே சொன்னீங்க?" என்று டோர்ச் அடித்துக் காட்டினார். சென்சரின் அறுகோண நட்டும் அது இறங்கியிருக்கும் புகைக்குழாயும் ஒரே துருவாக ஒட்டிப்போயிருந்தன. ஸ்பானர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. தொழிற்சாலையில் பூட்டிய பிறகு யாரும் அதைத் தொட்டதேயில்லை.

அதனால் சொல்கிறேன், திரையில் தெரியும் கோட்டைப் போனில் படம் எடுக்கும்வரை யாரையும் அழிக்க விடாதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். தராத கராஜில் இன்னொரு வேலை கொடுக்க வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் புளூடூத் ரீடர் ஒன்று வாங்கி வைத்தால் கோட்டை நீங்களே போனில் பார்க்கலாம், பெரிய விலையில்லை. லைட் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதிக்க வேண்டாம். பெட்ரோல் எரியாமல் வெளியேறி புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டரைச் சுட்டுவிடும், காரை ஓரமாக நிறுத்துங்கள்.

படங்களோடு அந்தக் கராஜுக்குப் போனேன். "பொடியன் மாத்தாம விட்டிருப்பான்" என்றார்கள். பாதிக் காசு தருகிறோம், விஷயத்தை விடுங்கள் என்றார்கள். சம்மதிக்கவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்; 1977க்கு அழைத்தால் விவரம் சொல்வார்கள். என் கையில் பலமாக இருப்பது அந்தப் பில்தான்: திகதி, வாகன இலக்கம், "ஒட்சிசன் சென்சர், புதியது" என்று அவர்களே எழுதிக் கையெழுத்திட்டது. வெறும் "ரிப்பேர்" என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள், சாமானின் பெயரைப் போடச் சொல்லுங்கள்.