ஊரின் பிழைப்பைச் சொல்லும் ஏடு: 2011 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு

ஒரு சிற்றூரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்று அறிய விரும்புவோருக்கு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி வெளியான மாவட்டக் கையேட்டைவிடப் பயனுள்ள ஏடு எதுவும் என் கைக்கு அகப்பட்டதில்லை. 1951 கணக்கெடுப்பில் தொடங்கிய வரிசை இது. இணையத்தில் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். எங்கள் ஊரைப் பற்றிக் குறிப்பு ஒன்று எழுதுவதற்காகச் சில வாரங்கள் இதனுடன் உட்கார்ந்திருந்தேன்.

கையேடு இரண்டு பாகங்களாக உள்ளது. முதல் பாகம் பள்ளி, மருத்துவ வசதி, குடிநீர், பேருந்து, பாசனப் பரப்பு ஆகியவற்றை ஊர்வாரியாகச் சொல்கிறது. ஒரு வசதி ஊரில் இல்லையென்றால் அது 5 கிலோமீட்டருக்குள் கிடைக்கிறதா, 10 கிலோமீட்டருக்கு அப்பாலா என்பதையும் குறிக்கிறது. இரண்டாம் பாகத்தில்தான் மனிதர்கள் வருகிறார்கள். வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிந்தோர் என்ற எண்களைத் தாண்டினால், அட்டவணையில் தொழில் பற்றிய பத்திகள் தொடங்குகின்றன.

ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைப் பணியாளர்; அதற்குக் குறைவாகச் செய்தவர் தனிக் கணக்கு. இந்த இரண்டாம் வகையில் மூன்று மாதம்கூட வேலை கிடைக்காதவர்களைப் பிரித்துக் காட்டியிருப்பது பெரிய உதவி. பெண்களுக்கான பத்தியை அங்கே நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் மட்டும் அழைக்கப்படுகிறவர்களின் ஆண்டு எப்படிக் கழிகிறது என்பதை அந்த எண்கள் உணர்த்துகின்றன.

சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிரிடுவோரையும் விவசாயக் கூலிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிவது இதன் தலையாய சிறப்பு. நாடு முழுவதும் 2001இல் பயிரிடுவோர் 12.73 கோடி, கூலிகள் 10.68 கோடி என்றிருந்த நிலை, 2011இல் 11.88 கோடி, 14.43 கோடி என்று தலைகீழானது. நம் ஊரில் இது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்பதை 2001, 2011 கையேடுகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து எவரும் கண்டுகொள்ளலாம்.

என்னை மிகவும் வருத்தும் குறை நான்காவது தலைப்பில் இருக்கிறது. 1991 வரை கட்டுமானம், வணிகம், போக்குவரத்து என்று ஒன்பது வகைகளாக இருந்த தொழில்கள், 2001 முதல் பயிரிடுவோர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை என நான்காகச் சுருங்கிவிட்டன. ஆசிரியரும், கொத்தனாரும், மளிகைக் கடைக்காரரும், லாரி ஓட்டுநரும், தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் 'மற்றவை' என்ற ஒரே பத்தியில் நிற்கிறார்கள். வேளாண்மையை விட்டு மக்கள் எங்கே போனார்கள் என்பதே இன்று ஒரு கிராமத்தைப் பற்றிய முதன்மையான கேள்வியாக இருக்கும்போது, விடை இருக்க வேண்டிய இடத்தை ஏடு மூடி வைத்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பில் இந்தப் பத்தியைப் பிரித்து ஊர்வாரியாகத் தந்தாக வேண்டும். கையேடு தமிழிலும் கிடைத்தால் ஊராட்சி உறுப்பினர்களே எடுத்துப் படிப்பார்கள்.

தேடுவோருக்கு ஒரு குறிப்பு. இதில் கிராமம் என்பது வருவாய்க் கிராமம், அதாவது நில ஆவணங்களில் எல்லை வகுக்கப்பட்ட கிராமம். குக்கிராமத்தின் பெயரையோ ஊராட்சியின் பெயரையோ தேடினால் கிடைக்காமல் போகலாம். 2011இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்களே இருந்ததால், தென்காசிப் பகுதி ஊர்களைத் திருநெல்வேலிக் கையேட்டிலும், கள்ளக்குறிச்சிப் பகுதி ஊர்களை விழுப்புரம் கையேட்டிலும் பார்க்க வேண்டும். ஊர் கிடைத்ததும் அதன் ஆறிலக்கக் குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டால், ஒரே பெயரில் வேறு ஊர்கள் இருந்தாலும் குழப்பம் வராது.