மத்தன் தைலம்: ஆறாப் புண்ணுக்கு ஒரு பச்சை எண்ணெய்

அம்மாவின் கணுக்காலில் ஆறாமல் இழுத்துக்கொண்டிருந்த புண்ணுக்குச் சித்த மருத்துவர் எழுதித் தந்ததன் பேரில் மத்தன் தைலம் வாங்கினோம். ஊமத்தை இலைச்சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, துருசு என்னும் செம்பு உப்பைச் சேர்த்து எடுக்கப்படும் இத்தைலத்தின் அடர்ந்த பச்சை நிறத்தில் இலையோடு செம்புக்கும் பங்குண்டு என்பதால், கடைக்காரர் இதை முழுக்க மூலிகை மருந்தென்று சொல்லி விற்பது சரியன்று. கழுவித் துடைத்த புண்ணின்மேல் தைலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டியபோது முதலில் சற்று எரிந்தாலும், நாளடைவில் கசிவு நின்று, ஓரங்களிலிருந்து தோல் மூடி வந்தது. ஊமத்தையில் அட்ரோபின், ஸ்கோபொலமின் ஆகிய நச்சுப்பொருள்கள் உள்ளமையால் இது வெளிப்பூச்சுக்கு மட்டுமே உரியது. நாங்கள் வாங்கிய புட்டியிலோ அவ்வெச்சரிக்கை கண்ணுக்குப் புலப்படாத பொடி எழுத்தில் கிடக்கிறது. படுக்கை விரிப்பில் பட்ட பச்சைக் கறை இன்னும் போகவில்லை. சர்க்கரை நோயாளிகள் காலைக் காட்டி ஆலோசனை பெறாமல் தாமாகவே இதைப் பூசிக்கொள்ளக் கூடாது.