ஏழு வருஷம் கிட் பாவித்த பிறகும் ஆறாத ஒரு கோபம்

நேற்று ராத்திரி நோர்வூட்டிலிருந்து தம்பி ஒருவன் அழைத்தான். ஹட்டனில் சொஃப்ட்வெயார் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. "அண்ணே, கிட் குளோன் போட்டேன், 87 வீதம் வந்து நின்னுபோச்சு, திரும்பப் போட்டா முதல்ல இருந்து வருது, நான் என்ன பிழை செஞ்சேன்?" என்று கேட்டான், குரலே கம்மியிருந்தது. உன் பிழை எதுவும் இல்லை என்று அரை மணி நேரம் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு வேலை பார்க்கிறேன். ஏழு வருஷமாக கிட்தான், அதுவும் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான். கிட் என்றால் கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகப் பதிந்து வைக்கும் மென்பொருள், அப்படி ஒரு பதிவுதான் கமிட், அதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை. எனக்கு குளோனைப் பற்றித்தான், அதாவது முழுவதையும் முதன்முதலாக சர்வரிலிருந்து நம் மெஷினுக்கு இறக்குவதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இறக்க வேண்டியிருந்த ரெப்போ, அதாவது கோடும் அதன் வரலாறும் சேர்ந்த கிடங்கு, கிட்டத்தட்ட 2 ஜிபி. பகல் டேட்டா கட்டுப்படியாகாது, நடுநிசிக்குப் பிறகு வரும் இரவு டேட்டாவில்தான் போட வேண்டும். மலையில் மூடுபனி இறங்கி, மழையும் பிடித்தால் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிடும். முதல் நாள் 60 வீதத்தில் அறுந்தது. இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணிக்கு 91 வீதம், பார்த்துக்கொண்டே இருக்கிறேன், 'ஏர்லி ஈஓஎஃப்' (தரவு பாதியிலேயே நின்றுவிட்டது) என்று ஒரு வரி விழுந்து முடிந்தது. சரி, வந்தவரைக்குமாவது ஏதாவது இருக்கும் என்று ஃபோல்டரைத் தேடினால் அந்த ஃபோல்டரே இல்லை! குளோன் தோற்றால் பாதி வந்ததையும் கிட் தானே துடைத்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கின டேட்டா அத்தனையும் ஒரு வரியில் போச்சு. ஒரு படத்தை இறக்கினால்கூட டவுன்லோட் மேனேஜர் விட்ட இடத்திலிருந்து தொடருகிறதே, உலகமே நம்பி வேலை செய்கிற இதற்கு அது ஏன் முடியாது?

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. நாம் கேட்கும் நேரத்தில்தான் சர்வர் வரலாறு முழுவதையும் ஒரு பொதியாகச் சுருக்கிக் கட்டி அனுப்புகிறது, அடுத்த முறை கட்டும்போது அதே பொதி பைட்டுக்குப் பைட் அப்படியே வரும் என்று உறுதி கிடையாது, அதனால் பாதியில் ஒட்டுப்போட முடியாது. நியாயம்தான். ஆனால் லினஸ் டொர்வால்ட்ஸ் இதை, தான் உருவாக்கிய லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வேலைக்காக எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் வெறுமனே குளோன் என்று அடித்தால் அறுந்த இடத்திலிருந்து தொடராது என்றால், அறுகிற லைனில் இருக்கிறவனை யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பாவம். ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் கிட்டைப் போல மலைநாட்டுக்குப் பொருத்தமான சாமான் வேறு இல்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது இங்கே டவரும் சேர்ந்து செத்துவிடும். லேப்டாப்பில் பேட்டரி இருந்த நேரமெல்லாம் நான் வேலை செய்தேன். பழைய வரலாற்றைப் பார்க்க, பிராஞ்ச் (வேலையின் தனிக் கிளை) மாற, கமிட் போட, எதற்கும் லைன் தேவையில்லை, எல்லாம் என் மெஷினுக்குள்ளேயே இருந்தது, லைன் வந்தபோது எல்லாவற்றையும் சர்வருக்கு ஏற்ற ஒரே ஒரு புஷ். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் தப்பான பிராஞ்சில் ரிசெட் ஹார்ட் (பழைய நிலைக்குத் திருப்பிவிடும் கட்டளை) அடித்து மூன்று நாள் வேலையைத் தொலைத்தேன் என்று தலையில் கை வைத்தபோது, ரீஃப்லொக்கில், அதாவது கிட் தானே எழுதிவைக்கும் நடமாட்டப் பதிவில், அத்தனை கமிட்டும் வரிசையாக நின்றன. எந்தப் பிராஞ்சிலும் சேராத கமிட்டின் தடத்தைக்கூட வழக்கமாக 30 நாள் வைத்திருக்கும். கமிட் போடாததை மட்டும் அதனாலும் மீட்க முடியாது.

அப்புறம் இன்னொரு சின்ன விஷயம். அம்மா ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார் என்று எழுதி, மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ஃபைல் பெயர் 'அம்மா கொழுந்து'. எது மாறியிருக்கிறது என்று காட்டும் ஸ்டேட்டஸ் கட்டளையை அடித்தால், ஃபைல் பெயருக்குப் பதிலாக \340\256\205 என்று தொடங்கி ஒரு முழ நீளத்துக்கு இலக்கம் ஓடும். அந்த மூன்று எண்தான் 'அ'. கிட்டின் அமைப்புகளில் கோர் டாட் குவோட்பாத்தை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் போனது, அதைச் செய்த அன்று அம்மாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் பத்துக்கு எத்தனை என்று கேட்டால், நேற்றைய அந்தக் குரலைக் கேட்ட பிறகு நாலுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. முதல் நாளே ஒரு பிள்ளையை 'நான் என்ன பிழை செஞ்சேன்' என்று கேட்க வைக்கிற சாமானுக்கு அவ்வளவுதான்.

தம்பி, இதைப் படித்தால்: அவசரம் என்றால் டெப்த் 1 போட்டு குளோன் எடு, கடைசி நிலை மட்டும் வரும், ஒரே பிராஞ்ச்தான் வரும், பிறகு டீப்பன் போட்டு பழைய வரலாற்றை நூறு நூறு கமிட்டாக இறக்கிக்கொள், ஒரு தவணை முழுதாக வந்தால் அது உன்னுடையது, அடுத்தது அறுந்தாலும் போகாது. அவசரம் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. நீ இறக்கப் பார்த்த ரெப்போ என்னிடம் இருக்கிறது, பண்டில் கட்டளையால் முழுவதையும் ஒரே ஃபைலாக்கித் தருகிறேன். அன்றைக்கு நானும் கடைசியில் அப்படித்தான் தப்பினேன், கொழும்பில் கூட வேலை செய்தவர் பண்டில் கட்டி ஏற்றிவைத்தார், மூன்று இரவாக விட்டு விட்டு இறக்கினேன். ஃபைலிலிருந்து குளோன் எடுத்து, ரிமோட்டை, அதாவது கிட் எங்கே போய்க் கேட்கும் என்பதை, அசல் முகவரிக்கு மாற்றிவிட்டால் பிறகு புதிதாக வந்தது மட்டும்தான் இறங்கும். பென்டிரைவ் கொண்டு வரும்போது எக்ஸ்ஃபேட்டில் ஃபோர்மட் செய்துகொண்டு வா, ஃபேட் 32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, இது அதைவிடப் பெரியது.