ஷிப் மெடிகேர் ஆலோசனை: காசில்லை, கமிஷனும் இல்லை

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் 65 வயதை நெருங்கினால், மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விஷயமாக இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குப் போன் போடும் முன் ஷிப் (SHIP, மெடிகேர் பற்றி இலவச ஆலோசனை தரும் அரசுத் திட்டம்) ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். என் வீட்டுக்காரருக்காக 2025-இல் போய் வந்தோம். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன்.

1990-இல் வந்த ஒரு சட்டத்தின் மூலம் தொடங்கிய திட்டம் இது. பணம் ஃபெடரல் அரசுடையது, நடத்துவது மாநிலங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும்: கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கம் ஹைகாப், புளோரிடாவில் ஷைன். ஆலோசகர்களில் பலர் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். எங்களுக்குக் கிடைத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை.

இதற்குள் ஒரு ஏஜென்ட் என் வீட்டுக்காரரிடம் பேசி முடித்திருந்தார். பிரீமியமே இல்லாத அட்வான்டேஜ் திட்டம் (மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக வாங்கும் வகை), பல்லுக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு, ஜிம் இலவசம் என்று. இவருக்கு ஜிம்மிலேயே மனசு போய்விட்டது (இதுவரை எந்த ஜிம்முக்கும் போனதில்லை என்பது வேறு விஷயம்). அந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டது, "வருடத்தில் எத்தனை மாதம் அமெரிக்காவில் இருக்க மாட்டீர்கள்?" குளிர்காலம் முழுக்க இவருக்குக் கோயம்புத்தூர்தான். அதைச் சொன்னதும் ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து எழுத ஆரம்பித்தார்.

இந்தியாவில் ஆஸ்பத்திரிச் செலவை அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் பொதுவாகக் கொடுக்காது. சில அட்வான்டேஜ் திட்டங்கள் அவசர சிகிச்சைக்கு மட்டும் கொடுக்கும். ஒரிஜினல் மெடிகேரோடு சேர்த்து, அது விடும் செலவுக்காக மெடிகேப் என்ற தனியார் துணைக் காப்பீட்டில் 'ஜி' வகையை எடுத்தால், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் வரும் அவசரத்துக்கு, 250 டாலரை நாம் கட்டிய பிறகு 80 சதவீதம் அவர்கள் தருவார்கள். ஆயுளுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு. அறுபது நாளுக்குப் பிறகு? தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஒளிக்காமல்.

அடுத்து அவர் சொன்னதற்காகவே இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். 65 வயதில் பார்ட் பி (டாக்டர் செலவுக்கான மெடிகேர் பகுதி) தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம், உடம்பில் எந்த நோய் இருந்தாலும் மெடிகேப் கம்பெனி மறுக்க முடியாது. அது கடந்தால், நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் தவிர மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் நோய் விவரத்தைப் பார்த்துவிட்டு மறுக்கலாம். முதல் வருடத்துக்குள் அட்வான்டேஜை விட்டு வெளியேறுபவர்களுக்குச் சலுகை உண்டு, இன்னும் சில விதிவிலக்குகளும் உண்டு. இவருக்கோ சர்க்கரை, ஒரு ஸ்டென்ட் வேறு. ஜிம்மைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய ஏஜென்ட் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. புதிதாக ஒருவரை அட்வான்டேஜில் சேர்த்தால் 2025-இல் பெரும்பாலான மாநிலங்களில் 626 டாலர் வரை கமிஷன் என்று பிறகு படித்தேன்.

மாத்திரை டப்பாக்களைப் பையோடு கொண்டுபோயிருந்தேன். மெட்ஃபார்மின், அடோர்வாஸ்டாடின், ஜார்டியன்ஸ் என்று ஒவ்வொன்றாக மெடிகேர் தளத்தில் தட்டிப் பார்த்தார். பிரீமியம் குறைவாக இருந்த பார்ட் டி (மருந்துக் காப்பீடு) திட்டம், வருடக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் செலவில் மேலே போய் நின்றது.

அரை நட்சத்திரம் ஏன் குறைந்தது? எந்தக் கம்பெனியை எடுக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், விதி அப்படி. கையைப் பிடித்து முடித்துத் தரும் ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். பக்கத்தில் இருந்த இவர் மூன்று தரம் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை.

இதற்கான ஃபெடரல் நிதி 2024-இல் சுமார் 5.5 கோடி டாலர். மெடிகேரில் இருப்பவர்கள் ஆறரைக் கோடிக்கும் மேல். தலைக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. அதையும் 2018-க்கான அதிபரின் பட்ஜெட்டில் அடியோடு நிறுத்தச் சொன்னார்கள், காங்கிரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுக்கும் காசு போதவில்லை என்பதுதான் என் கட்சி. "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்வதால் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. அப்படிச் சொல்லும் ஆளுக்கு அரசு செலவு செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

அப்புறம், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றும் காலம், கூட்டம் நெரியும். புதிதாகச் சேருபவர்கள் 65 பிறந்தநாளுக்கு மூன்று மாதம் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் போனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதற்கும் காசு இல்லை.