மின்ஹாஜா, அபூ ஷுஜாவா?

ஷாஃபிஈ ஃபிக்ஹில், அதாவது இமாம் ஷாஃபிஈயின் வழியிலான இஸ்லாமியச் சட்டத்தில், முதல் கிதாபை (நூலை) ஓதி முடித்த பிறகு எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அபூ ஷுஜாவின் சிறு நூலையே கஸ்ஸியின் விரிவுரையோடு இன்னொரு சுற்று ஓதலாம். இல்லையென்றால் இமாம் நவவியின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ பக்கம் போகலாம். மின்ஹாஜை எடுத்தேன்.

அபூ ஷுஜா மனப்பாடத்துக்கு உகந்தது என்பது ஓதியவர் எல்லோருக்கும் தெரியும். சுத்தம் செய்யத் தகுந்த தண்ணீர் ஏழு: மழை, கடல், ஆறு, கிணறு, ஊற்று, பனி, ஆலங்கட்டி. தொழுகைக்கு முன் செய்யும் சுத்தமான ஒளுவின் ஃபர்ளு (கட்டாயச் செயல்கள்) ஆறு. விரல் மடக்கி எண்ணி ஓதியது இன்றும் மறக்கவில்லை.

ஒருமுறை பயன்படுத்திய தண்ணீரில் மறுபடி ஒளு செய்யலாமா? அது சுத்தமானது, ஆனால் சுத்தப்படுத்தாது என்று அபூ ஷுஜா முடித்துவிடுகிறார். நவவியின் முடிவும் அதேதான். ஆனால் கடமையான சுத்தத்துக்குப் பயன்பட்ட தண்ணீர் என்று எல்லை கட்டுகிறார். சுன்னத்தான (கட்டாயமல்லாத, விரும்பத்தக்க) சுத்தத்துக்குப் பயன்பட்டதும் அப்படியே என்ற பலவீனமான கருத்தை, ‘கீல’ (‘சொல்லப்பட்டது’) என்ற ஒரே சொல்லோடு நடுவில் வைக்கிறார். கடைசியில் ‘ஃபில் ஜதீத்’ (‘புதிய கருத்தில்’). இமாம் ஷாஃபிஈ எகிப்தில் சொன்ன பிந்தைய கருத்து இது, இராக்கில் சொன்னது வேறு என்று அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரே வரிதான்!

நான் மின்ஹாஜை விடாமல் பிடித்துக்கொண்டது இந்தத் தராசுக்காகவே. இமாமின் கூற்றுகளில் எதிர்க்கூற்றும் வலுவாக இருந்தால் ‘அள்ஹர்’ (மிகத் தெளிவானது) என்பார். எதிர்க்கூற்று பலவீனமானால் ‘மஷ்ஹூர்’ (பிரபலமானது). மத்ஹபின் (சட்டவழியின்) பிற்கால அறிஞர்களுடைய கருத்துகளுக்கு அதே முறையில் ‘அஸஹ்ஹு’ (மிகச் சரியானது), ‘ஸஹீஹ்’ (சரியானது). ராஃபிஈயின் ‘முஹர்ரர்’ நூலைச் சுருக்கியதுதான் மின்ஹாஜ். அதில் தன் சொந்தச் சேர்ப்பை ‘குல்து’ (‘நான் சொல்கிறேன்’) என்று தொடங்கி ‘வல்லாஹு அஃலம்’ (‘அல்லாஹ்வே நன்கறிந்தவன்’) என்று முடிப்பார். யார் சொன்னது எது என்பதில் குழப்பமே வராது. இதை ஓதிய பிறகு, பள்ளிவாசலின் ஹவுளில் (ஒளு செய்யும் தண்ணீர்த் தொட்டியில்) பக்கத்தில் இருப்பவர் வேறு மாதிரி செய்தால் ‘தப்பு’ என்று வாய் திறக்குமுன் யோசிக்கிறேன். 1277இல் நவவி காலமானபோது அவருக்கு 44 வயதுதான் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சிரமமும் உண்டு. உஸ்தாதும் (ஆசிரியரும்) ஷரஹும் (விரிவுரையும்) இல்லாமல் மின்ஹாஜை நெருங்க முடியாது. ஷிர்பீனியின் ஷரஹான ‘முஃக்னி’ எனக்குக் கைகொடுத்தது. மற்ற ஷரஹுகளான இப்னு ஹஜரின் ‘துஹ்ஃபா’வும் ரம்லியின் ‘நிஹாயா’வும் முரண்படும் இடங்களில் ஆலிமிடம்தான் போகிறேன். மின்ஹாஜே கடைசிச் சொல்லும் அல்ல: வெயிலில் சூடான தண்ணீரை அதில் மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது) என்கிறார் நவவி, தன் இன்னொரு நூலான ‘ரவ்ளா’விலோ ஆதாரப்படி மக்ரூஹ் இல்லை என்கிறார்.

நான் ஓதியிருப்பது வணக்க வழிபாட்டுப் பகுதி மட்டும். வியாபாரச் சட்டத்தில் எது மேல் என்று சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. வாரிசுரிமைப் பாடத்தை அபூ ஷுஜாவின் எண்ணிக்கையை வைத்துத்தான் தொடங்கப்போகிறேன். அந்தப் பழைய பிரதி இன்னும் மேசையிலேயே இருக்கிறது.