நாளுக்கொரு கிரேக்க வாசகம்: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பண்டைய கிரேக்கர்களின் வாழ்வியல் சிந்தனையை நாளுக்கொரு வாசகமாகவும் ஐந்து நிமிட ஒலிப்பாடமாகவும் தமிழில் தரும் கைப்பேசிச் செயலி ஒன்றைக் கடந்த மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. காலையில் ஒரு வாசகம், பகலில் ஒரு பாடம், இரவில் ‘இன்று எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தீர்கள்?’ என்ற கேள்விக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் என்பதே அதன் அன்றாட ஒழுங்கு. எழுத்துரு கண்ணை உறுத்தவில்லை, ஒலிப்பதிவு தெளிவாக இருக்கிறது, செயலி எங்கும் தடுமாறி நிற்கவில்லை. வடிவமைப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை; உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

இரவுக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பக்கத்தின் மேலே அரிஸ்டாட்டிலின் மார்பளவுச் சிலை. கீழே ஒன்று முதல் பத்து வரையிலான எண்கள். வார இறுதியில் அவை கோட்டுப்படமாக ஏறி இறங்குகின்றன. அரிஸ்டாட்டிலின் பெயரில் இதைவிடப் பொருந்தாத ஒன்றைச் செய்திருக்க முடியாது. ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் முதல் புத்தகத்திலேயே அவர், ஒரு தூக்கணாங்குருவி வந்துவிட்டால் வசந்தம் வந்துவிடாது, ஒரு நாளும் அப்படித்தான், ஒரு நாளோ சிறிது காலமோ ஒருவனை நல்வாழ்வு உடையவனாக ஆக்கிவிடாது என்று எழுதுகிறார். அவர் பேசும் ‘யூடைமோனியா’ மனத்தில் தோன்றி மறையும் ஓர் உணர்ச்சியன்று. மனிதனுக்கே உரிய ஆற்றல்கள் மேன்மையோடு செயல்படும் நிலை, அதுவும் ஒரு முழு வாழ்நாள் அளவில். டிராய் நாட்டு மன்னன் பிரியாமைச் சான்றாகக் காட்டுகிறார்: நெடுங்காலம் செழிப்பாக வாழ்ந்துவிட்டு முதுமையில் பேரழிவைச் சந்தித்து அவலமாக முடிந்த ஒருவனை யாரும் யூடைமோனியா உடையவன் என்று சொல்லமாட்டார்கள். அவருக்கு முன்பே ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றில், உலகிலேயே மகிழ்ச்சியானவன் யார் என்று லிடிய மன்னன் குரோசஸ் கேட்கும்போது, ஏதென்ஸைச் சேர்ந்த சோலோன் அந்தச் செல்வனின் பெயரைச் சொல்லாமல், நாட்டுக்காகப் போரிட்டு மாண்ட டெல்லஸ் என்ற குடிமகனின் பெயரைச் சொல்கிறார். முடிவு தெரியும் வரை யாரையும் பேறு பெற்றவன் என்று அழைக்கக் கூடாது என்பது அவர் தரும் விளக்கம். இந்தக் கதையைச் செயலியின் பதினோராம் நாள் பாடம் அழகாகவே சொல்கிறது. அன்றிரவும் வழக்கம்போல மதிப்பெண் கேட்டது. நான் ஏழு கொடுத்தேன்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் மொழிபெயர்ப்பு. யூடைமோனியா என்று வரும் இடமெல்லாம் ‘மகிழ்ச்சி’ என்றே போட்டிருக்கிறார்கள். நல்வாழ்வு, பேறு, நிறைவாழ்வு என்ற சொற்களில் எதை எடுத்திருந்தாலும் அந்த மதிப்பெண் பக்கத்தின் பொருந்தாமை அதை வடிவமைத்தவர்களுக்கே தெரிந்திருக்கும். இன்று நிறைவாழ்வு பத்துக்கு எத்தனை என்று யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? ‘அரெத்தே’ என்ற சொல்லுக்கு ‘ஒழுக்கம்’ என்று எழுதியிருப்பதும் இடறுகிறது. கத்திக்கும் குதிரைக்கும் கண்ணுக்கும்கூட அரெத்தே உண்டு என்பது கிரேக்கர் வழக்கு. நன்றாக வெட்டுவது கத்தியின் அரெத்தே. தான் எதற்காக இருக்கிறதோ அதைச் சிறப்பாகச் செய்யும் தன்மை என்ற அந்தப் பொருள் விட்டுப்போனால், மனிதனின் அரெத்தே எது என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

வாசகங்களின் நம்பகத்தன்மை அடுத்த சிக்கல். முதல் வாரத்திலேயே ‘நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம், எனவே மேன்மை என்பது ஒரு செயலன்று, ஒரு பழக்கம்’ என்ற வரி அரிஸ்டாட்டில் பெயரில் வந்தது. அதை எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் வில் டியூரண்ட். 1926-இல் வெளிவந்த தமது தத்துவ வரலாற்று நூலில், அரிஸ்டாட்டிலின் கருத்தைத் தம் சொற்களில் சுருக்கிச் சொன்ன இடம் அது. இன்னொரு நாள் ‘மாற்றத்தின் இரகசியம், பழையதோடு போராடுவதில் அன்று, புதியதைக் கட்டுவதில் ஆற்றலைச் செலுத்துவது’ என்ற வரி சாக்ரட்டீஸ் பெயரில் வந்தது. 1980-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நூலில், பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்யும் சாக்ரட்டீஸ் என்ற பாத்திரம் பேசும் பேச்சு அது. கி.மு. 399-இல் நஞ்சருந்தி மாண்ட சாக்ரட்டீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. பிளேட்டோவும் செனஃபோனும் எழுதியவற்றின் வழியாகவே அவர் நமக்குப் பெரும்பாலும் தெரியவருகிறார். அப்படிப்பட்டவரின் பெயரில் வாசகம் வெளியிடும்போது எந்த உரையாடலில் வருகிறது என்று ஒரு வரி சேர்ப்பது குறைந்தபட்சக் கடமை. செயலியில் அப்படி ஒரு குறிப்பு எங்குமே இல்லை.

டியூரண்டின் வரி தவறான பெயரில் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; அதை வைத்து இவர்கள் கட்டியிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வரியைத் தொட்டால் ‘பழக்கப் பட்டியல்’ என்ற பகுதி திறக்கிறது. நேர்மை, துணிவு, பொறுமை என்ற தலைப்புகளுக்கு எதிரே நாள்தோறும் குறியிட வேண்டும். போதிய குறிகள் சேர்ந்ததும் ஒரு பதக்கம் கிடைக்கிறது. நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதியுள்ளவர்களாகிறோம், வீடு கட்டிக் கட்டியே கட்டுநர் ஆவதைப் போல என்று ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் அரிஸ்டாட்டில் சொல்வது உண்மைதான். ஆனால் அதே புத்தகத்தில் அவர் உடனே ஒரு தடையை எழுப்பிக்கொண்டு அதற்கு விடையும் தருகிறார். ஒரு செயல் பார்ப்பதற்கு நீதியாக இருந்தால் போதாது. செய்பவர் அறிந்து செய்ய வேண்டும், அந்தச் செயலை அதற்காகவே தேர்ந்து செய்ய வேண்டும், அசைக்க முடியாத உறுதியான மனநிலையிலிருந்து செய்ய வேண்டும். பதக்கத்துக்காகச் சொல்லப்பட்ட உண்மை இந்த மூன்றில் இரண்டாவதிலேயே விழுந்துவிடுகிறது. மூன்று வரி வாதத்தை ஒரு வரி வாசகமாக நறுக்கும்போது போய்விடுவது அலங்காரம் அன்று, கருத்தின் முதுகெலும்பு.

‘நடுவழி’ குறித்த பாடமும் இதே வகையில் கெட்டிருக்கிறது. கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடைப்பட்டது துணிவு என்பது வரை சரி; அதன்பின் ‘எதிலும் மிதமாக இருங்கள்’ என்று முடித்துவிடுகிறார்கள். மிகை வேண்டா என்பது டெல்ஃபி அப்பலோ கோயிலில் பொறிக்கப்பட்டிருந்த வாசகம். அரிஸ்டாட்டில் சொல்வது அதைவிட நுட்பமானது. ஒருவருக்குப் பத்து மினா (பண்டைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதற்காகப் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா என்று விதிக்கமாட்டார். மல்லன் மைலோவுக்கு அது போதாது, பயிற்சியைத் தொடங்குபவருக்கு அது மிகுதி. ஆகவே நடு என்பது கணக்கில் வரும் சரிபாதி அன்று, நமக்கு உரிய நடு. உரிய நேரத்தில், உரியவரிடம், உரிய காரணத்துக்காக, உரிய அளவில் பெருங்கோபம் கொள்வதுகூட அந்த நடுவாகலாம். கொலையிலும் களவிலும் நடு என்பதே கிடையாது என்றும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பாடத்தின் தலைப்பில் ‘நடுவுநிலைமை’ என்ற சொல்லை வைத்திருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. தமிழில் அது பக்கம் சாயாமையைக் குறிக்கும் சொல்.

நம் வசத்தில் இல்லாதவற்றால் கலங்காமல் அறத்தோடு வாழச் சொல்லும் ஸ்டோயிக் மரபைப் பற்றிய பகுதி குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. இலத்தீனில் எழுதிய உரோமரான செனீகா கிரேக்கர் பட்டியலில் இருக்கிறார். மார்க்கஸ் அரேலியஸும் உரோமர்தான், ஆனால் தம் குறிப்புகளைக் கிரேக்க மொழியிலேயே எழுதியதால் அவரைச் சேர்த்ததில் நியாயம் உண்டு. அடிமையாக இருந்து ஆசிரியரான எபிக்டீடஸின், நம் வசத்தில் உள்ளவை, நம் வசத்தில் இல்லாதவை என்ற பகுப்பைச் சிதைக்காமல் தந்திருக்கிறார்கள். நட்புக்கு ஒரே ஒரு பாடம். அரிஸ்டாட்டில் தம் நூலின் பத்துப் புத்தகங்களில் இரண்டை அதற்கென்றே ஒதுக்கியவர்.

இவ்வளவுக்குப் பிறகும் செயலியை நீக்காமல் வைத்திருப்பதற்கு இன்பமே குறிக்கோள் என்ற கிரேக்கச் சிந்தனையாளர் எபிகூரஸ் பற்றிய பகுதி ஒன்றே காரணம். இங்கே வாசகங்கள் இல்லை. மெனோசியஸ் என்ற சீடருக்கு அவர் எழுதிய கடிதத்தை முழுவதுமாக, ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒரு பெண் குரலில் நிதானமாக வாசித்திருக்கிறார்கள். தத்துவ அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் தம் நூலின் பத்தாம் புத்தகத்தில் படியெடுத்து வைத்ததால் தப்பிப் பிழைத்த கடிதம் அது. இளமையில் மெய்யறிவைத் தள்ளிப்போட வேண்டாம், முதுமையில் அதில் சலிப்படைய வேண்டாம் என்று தொடங்கி, சாவு நமக்கு ஒன்றுமில்லை, நாம் இருக்கும்போது அது இல்லை, அது வரும்போது நாம் இல்லை என்ற வாதத்தின் வழியாக ஆசைகளின் பகுப்புக்கு வருகிறது. இயல்பானவை சில, வெறுமையானவை சில; இயல்பானவற்றிலும் தேவையானவை சில, வெறுமனே இயல்பானவை சில. இன்பமே குறிக்கோள் என்று சொல்லும்போது ஓயாத குடியையும் விருந்தையும் சொல்லவில்லை, உடலில் வலியின்மையையும் உள்ளத்தில் கலக்கமின்மையையுமே சொல்கிறோம் என்று அவரே விளக்கும் இடத்தை எட்டும்போது, கேட்பவர் அந்த விளக்கத்துக்குத் தயாராகியிருக்கிறார். முன்னே வந்த வாதம் இல்லாமல் இந்த ஒரு வரியை மட்டும் காலையில் அனுப்பியிருந்தால், இதுவும் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

மொழிபெயர்ப்பும் இங்கே வேறு கையால் செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. ‘அதராக்சியா’வுக்கு அமைதி என்று எளிதாக எழுதிவிடாமல் ‘கலக்கமின்மை’ என்று எதிர்மறையாகவே தந்திருப்பது மூலத்தின் அமைப்புக்கு உண்மையானது. கடிதத்துக்கு முன்னுரையாக, கி.மு. 306 அளவில் ஏதென்ஸில் அவர் அமைத்த தோட்டப் பள்ளியில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்து பயின்றதையும், விரும்பியபோது விருந்துண்ண ஒரு சிறு குடுவைப் பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பரிடம் அவர் கேட்டதையும் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பகுதியை நான் நான்கு முறை கேட்டுவிட்டேன். அறிவார்ந்தும் நேர்மையாகவும் நீதியாகவும் வாழாமல் இன்பமாக வாழ முடியாது என்ற இடம் ஒவ்வொரு முறையும் சற்று வேறாகக் கேட்கிறது.

தவறான பெயர்களில் வந்த இரண்டு வாசகங்களைச் சுட்டிக்காட்டிச் செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. மூன்று வாரம் கழித்து டியூரண்டின் வரி அரிஸ்டாட்டில் படத்துடன் மீண்டும் வந்தது, பின்னணி நிறம் மட்டும் மாறியிருந்தது. காலை அறிவிப்பையும் இரவு மதிப்பெண்ணையும் அமைப்புகளுக்குள் சென்று நிறுத்த முடிகிறது, நிறுத்திவிட்டேன். எபிகூரஸ் கடிதம் கட்டணமற்ற பகுதியிலேயே இருப்பதால், சந்தாவைப் புதுப்பிக்கும் எண்ணம் இல்லை.