சைகோனில் ஆறு மாதம்: ஒரு முத்திரையும் மாமியார் வீடும்

குடியேற்றச் சாவடியைத் தாண்டிப் பத்தடி நடந்த பிறகுதான் மனைவி என் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுடையதில் பிப்ரவரி வரை தங்கலாம் என்று முத்திரை. என்னுடையதில் செப்டம்பரோடு சரி. இருவரும் ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் நின்று வந்தவர்கள்.

தப்பு என்னுடையது. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமலே 45 நாள் வரை தங்கலாம் என்பது 2023 ஆகஸ்ட் முதல் வியட்நாமின் விதி. அட்டையைப் பார்த்ததும் அதிகாரியின் கை அந்த 45க்கே போயிருக்கிறது. உள்ளே ஒட்டியிருந்த விசா விலக்குச் சான்றின் பக்கத்தைப் பிரித்து நீட்டாமல், மூடிய பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றவன் நான். திரும்பிப் போய்ப் பக்கத்தைக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பழையதை அடித்துவிட்டுப் புதிதாகக் குத்திக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. வீட்டுக்குப் போய்ப் பார்த்திருந்தால் எத்தனை நாள் அலைந்திருப்போமோ!

மனைவி 1967இல் சைகோனில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் அத்தை குடும்பத்தோடு படகேறியவள். அம்மாவும் தங்கையும் அங்கேயே தங்கிவிட்டார்கள். வெளிநாட்டில் வாழும் இவர்களைப் போன்றவர்களை ஊரில் 'வியட் கியூ' என்பார்கள். பாசத்தோடும் சொல்வார்கள், பேரம் பேசும்போதும் சொல்வார்கள். நானோ புதுச்சேரிக்காரன். அங்கே நீண்ட நாள் தங்க எனக்கிருக்கும் ஒரே தகுதி, இவளுடைய கணவன் என்பதுதான்.

அந்தத் தகுதிக்குத் தரும் தாள்தான் விசா விலக்குச் சான்று. வியட்நாம் வம்சாவளியினருக்கும், அவர்களை மணந்த வெளிநாட்டவருக்கும், பிள்ளைகளுக்கும் தருகிறார்கள். அதிகபட்சம் 5 ஆண்டு செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 6 மாதம் வரை தங்கலாம். 2007இல் இந்த ஏற்பாடு தொடங்கியபோது ஒரு முறைக்கு 90 நாள்தான். 2009இல் நாங்கள் முதன்முதலாகப் போனபோது மூன்று மாதத்தில் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. 2015இல் வந்த ஆணைதான் அதை ஆறு மாதமாக்கியது.

பாரிஸில் தூதரக வேலை சுலபமாகவே முடிந்தது. மனைவியின் பூர்வீகத்துக்குச் சான்றாக எங்களிடம் இருந்தது 1975க்கு முந்தைய பிறப்புப் பத்திரம் ஒன்றுதான். நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து உதிர்ந்த தாள். பழைய தென் வியட்நாம் ஆட்சியின் முத்திரையோடு இருக்கிறதே, ஏற்பார்களா என்று பயந்தோம், ஏற்றுக்கொண்டார்கள். எனக்குத் திருமணப் பதிவின் நகல் போதுமானதாக இருந்தது.

ஒன்றில் மட்டும் கோட்டை விட்டேன். சான்றின் காலம், பாஸ்போர்ட் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே முடிந்துவிட வேண்டும். என் பாஸ்போர்ட்டில் மூன்று ஆண்டும் சொச்சமும்தான் மிச்சம். ஆகவே சான்றும் இரண்டரை ஆண்டு சொச்சத்தோடு நின்றது. மனைவி முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பித்தாள், ஐந்தாண்டு முழுசாகக் கிடைத்தது. போகப் போகிறவர்கள் அவள் வழியைப் பின்பற்றுங்கள். இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும், ஆயுள் முழுக்கச் செல்லும் ஓசிஐ அட்டையைப் பையில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் மறந்தே போய்விடுகிறது.

வியட்நாம் இன்னொன்றையும் கேட்கிறது: 'தாம் ட்ரூ', தற்காலிகத் தங்கல் பதிவு. வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் உள்ளூர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டலில் இறங்கினால் ஓட்டல்காரர் பார்த்துக்கொள்வார். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், வீட்டுக்குப் பெரியவர் 84 வயது மாமியார் என்றாலும் பொறுப்பு அவருடையதுதான்.

இணையத்தில் செய்யலாம் என்றாள் மைத்துனி. திறந்தால் முகவரியிலேயே சிக்கல். 2025 ஜூலை 1 முதல், சைகோனின் இன்றைய பெயரான ஹோ சி மின் நகரத்தோடு பின் யுவாங், பா ரியா - வுங் டாவ் மாகாணங்களைச் சேர்த்து, மாவட்டங்களை ஒழித்து, வார்டுகளை இணைத்துப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் போனது ஆகஸ்டில். படிவத்தில் புதுப் பெயர். மாமியாரின் தண்ணீர்க் கட்டண ரசீதில் பழைய பெயர். தெருமுனைக் கடைப் பலகையில் ஒழிந்துபோன மாவட்டத்தின் எண். எதை அழுத்தினாலும் படிவம் சிவப்பாகச் சிணுங்கியது. கடைசியில் மாமியார் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மைத்துனியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிவிட்டார். வார்டு போலீசில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை அங்கிருந்த இளைஞரைப் பார்த்து, "இவன் என் மருமகன். எங்கே தங்குவான், உன் வீட்டிலா?" என்றாராம். பதிவாகிவிட்டது.

அவரை நானும் 'மா' என்றுதான் கூப்பிடுகிறேன். தெற்கு வியட்நாமில் அம்மாவுக்கு அதுதான் சொல், புதுச்சேரி வாய்க்கு உறுத்தவில்லை. டிசம்பரில் மூன்று வாரத்துக்கு வந்த மகள் பாட்டியை 'பா ஙொவாய்' என்பாள். ஙகரத்தில் தொடங்கும் ஒரு சொல் அன்றாடம் பயன்படும் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்பதில் எனக்கு அற்ப மகிழ்ச்சி. அவளுக்குச் சான்றும் தேவைப்படவில்லை, ஒன்றும் தேவைப்படவில்லை. 45 நாள் விலக்கே போதும். பாட்டியோடு ட்ருவோங் தின் தெரு மாரியம்மன் கோயிலுக்கும் போய் வந்தாள். நகரத்தார் கட்டிய அந்தக் கோயிலில் இன்று ஊதுபத்தியோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்தான்.

சிக்கல் ஜனவரியில் முளைத்தது. மாமியார் வீட்டுச் சுவரில் நம் ஊரைப் போலவே தினம் ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டி. ஆங்கிலத் தேதிக்குக் கீழே சந்திரத் தேதி, நல்ல நேரம் எல்லாம் உண்டு. அதைப் புரட்டியவர், தெட் புத்தாண்டு பிப்ரவரி 17 என்றார். எங்கள் முத்திரை பிப்ரவரி முதல் வாரத்தில் முடிகிறது. பத்து நாள் இடிக்கிறது. "தெட்டுக்கு முன்னால் வீட்டை விட்டு யார் போவார்கள்?" என்று கேட்டுவிட்டு, அதோடு பேச்சு முடிந்ததுபோல் சமையலறைக்குள் போய்விட்டார்.

தக்க காரணம் காட்டி, உள்ளூர் உறவினர் பொறுப்பேற்றால், தங்கும் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் தெட் நெருங்கும்போது எந்த அலுவலகத்திலும் காத்திருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. சான்று பல முறை நுழையச் செல்லும் என்பதால், வெளியே போய் வந்தாலே புதிதாக ஆறு மாதம். பஸ் ஏறி மோக் பாய் எல்லைக்குப் போனோம். எல்லைக்கு அப்பால் கம்போடியாவின் பாவெட். சூதாட்ட விடுதிகள் நிறைந்த தூசி ஊர். விசாவை எல்லையிலேயே வாங்கிக்கொண்டு, ஒரு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பினோம். இந்த முறை பாஸ்போர்ட்டைச் சான்றுப் பக்கத்தில் பிரித்து, கட்டைவிரலை வைத்தபடியே நீட்டினேன்.

இருட்டிய பிறகு வீடு வந்தபோது மாமியார் தரையில் உட்கார்ந்து, தெட்டுக்கான பசையரிசி உருளையான பான் டெட் கட்டுவதற்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார். முத்திரையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேதியைப் பார்த்தார். "ஆகஸ்டா? சரி. மறுபடியும் பதிவு செய்ய வேண்டும், தெரியுமா?" என்றவர், தலைக்கவசம் எங்கே என்று மைத்துனியைக் கேட்டார்.